கடைசி அடுக்கு மைனஸ்

அக்கா: ...சமாதானம் எல்லாம் வேணாம். தட்டோட தூக்கிக் குப்பையில கொட்டு. அவ்வளவுதான்.

தம்பி: கொட்டுறதா? வாரக்கணக்கா ஸ்ட்ரிப்பைத் தொட்டியில முக்கி முக்கி ஏத்தின படலம்க்கா. என் கை ரெண்டும் தவளைக் கையா மாறிடுச்சு. விரலுக்கு நடுவுல தோல் முளைக்காததுதான் பாக்கி.

அக்கா: முக்கினா மட்டும் போதாது. ஒழுங்கா முக்கணும். உன் படலம் கசியுது.

தம்பி: கசியாது.

அக்கா: ரத்தத்துல சர்க்கரை பார்க்குற ஸ்ட்ரிப்புடா இது. ஆஸ்பத்திரிக்குப் போகப் போகுது. சரியா இருக்குன்னு சொல்ல வேண்டியவ நான். மீட்டர்ல ரீடிங் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது. சர்க்கரையோட சேர்ந்து வைட்டமின் சியும் உள்ள நுழையுது, மீட்டர் அதையும் சர்க்கரைன்னே எண்ணித் தொலைக்குது.

தம்பி: எப்படி நுழையும்? படலத்தோட கடைசி அடுக்கு மைனஸ் சார்ஜ். வைட்டமின் சியும் மைனஸ். வாசல்லயே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடும். சர்க்கரை எந்தக் கட்சியிலயும் சேராத ஆளு. அது மட்டும்தான் சந்துபொந்துல நெளிஞ்சு உள்ள போகும்.

அக்கா: கடைசி அடுக்கு மைனஸ்னு நீ சொல்ற.

தம்பி: நான்தானே முக்கினேன்.

அக்கா: அதான் பயமே. பிளஸ் தொட்டி, கழுவு, மைனஸ் தொட்டி, கழுவு... இருக்கறதே ரெண்டு தொட்டி. அதுலயும் எங்க விட்டோம்னு தெரியாம தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்ன ஆளு நீ. பிளஸ்ல நிறுத்தியிருப்ப. அது வைட்டமின் சியை வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வச்சிருக்கும்.

தம்பி: அது போன வருஷம். இப்பல்லாம் வாய் விட்டுச் சொல்லிக்கிட்டேதான் முக்குறேன். பக்கத்து ரூம்காரங்க நான் ஏதோ மந்திரம் போடறேன்னு இந்தப் பக்கமே வர்றதில்ல.

அக்கா: அப்ப குழாய்த்தண்ணியில கழுவியிருப்ப. உப்பு பட்டா போச்சு. பிளஸ் பாலிமரும் மைனஸ் பாலிமரும் ஒண்ணை ஒண்ணு பிடிச்ச பிடியை விட்டுடும். படலம் ஊதிப்போய்க் கிடக்கும், அப்புறம் யார் வேணா போகலாம் வரலாம்.

தம்பி: காய்ச்சி வடிச்ச தண்ணி. இந்தா கேன், நீயே பாரு.

அக்கா: பார்த்து என்ன பண்ண... நாக்குல ஊத்திக்கவா?

தம்பி: வந்ததுல இருந்து பார்க்குறேன். முதல்ல மைனஸ் இல்லன்ன. அப்புறம் தண்ணி சரியில்லன்ன. இன்னும் கொஞ்சம் விட்டா என் தலைமுடி விழுந்துடுச்சும்ப.

அக்கா: விழுந்திருக்கும். யார் கண்டா.

தம்பி: இதுல நக்கல் வேற. மேலாளர் நேத்து என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார்னு தெரியுமா உனக்கு? போன தடவை அனுப்புன ஸ்ட்ரிப், வைட்டமின் மாத்திரை போட்ட ஒரு ஆளோட உடம்புல சர்க்கரை ஆலையே ஓடுதுன்னு காட்டிச்சாம். நர்ஸம்மா போன்ல கத்தின கத்துல இவருக்கு ஒரு காது அடைச்சுப்போச்சாம். இந்தத் தடவையும் கசிஞ்சா கோட்டிங் பிரிவை இழுத்து மூடிட்டு, என்னை அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்புவாராம். மதியம் உன் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் சாப்பிடவே போவாராம்.

அக்கா: ஒட்டு. அதையாவது ஒழுங்கா ஒட்டுறியான்னு பார்ப்போம்.

தம்பி: கூடப்பிறந்தவகிட்ட இருந்து வர்ற பேச்சாக்கா இது? சரி, எத்தனை ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்த?

அக்கா: மூணு.

தம்பி: மூணும்...?

அக்கா: மூணும்தான். ஒரே ரீடிங். ஒரு புள்ளி கூட நகரல.

தம்பி: இரு, இரு. ஒரே ரீடிங்கா?

அக்கா: காதும் போச்சா உனக்கு?

தம்பி: கசியுற படலம் குடிகாரன் மாதிரிக்கா. ஒண்ணு ஒரு மாதிரி உளறும், இன்னொண்ணு வேற மாதிரி உளறும். மூணும் ஒரே பேச்சு பேசுதுன்னா உள்ளதைத்தான் சொல்லுது.

அக்கா: உள்ளதாவது, மண்ணாவது.

தம்பி: அப்ப நீ சோதிக்க வச்ச சர்க்கரைக் கரைசல்லதான் தப்பு. சர்க்கரையை மூட்டையோட கவுத்திருப்ப.

அக்கா: கரைசலை விடு.

தம்பி: ஏன் விடணும்? இவ்வளவு நேரம் என் தொட்டி, என் தண்ணி, என் மண்டை எல்லாத்தையும் கிண்டுனல்ல? குப்பியை எடு. என் கண்ணு முன்னால இன்னொண்ணு போடு.

அக்கா: முடியாது.

தம்பி: என்ன முடியாது? என் பொழப்பே போகுது, நீ பாட்டுக்கு...

அக்கா: கத்தாத. கசியுதுன்னு ஒத்துக்கோ, போதும். மேலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன். கால்ல விழுந்தாவது உன்னை இங்கயே வச்சுக்கச் சொல்றேன்.

தம்பி: நீ ஒருத்தர் கால்லயும் விழ வேணாம். நேத்தே இதே தட்டுல இருந்து எடுத்து நானும் போட்டுப் பார்த்துட்டேன். சர்க்கரை ஒரு பொட்டு கிடையாது, வெறும் வைட்டமின் சி. ஆஸ்பத்திரியையே குளிப்பாட்டுற அளவுக்குக் கலந்து விட்டேன். மீட்டர் செத்த பாம்பா கிடந்துச்சு.

அக்கா: ...இதை வந்தவுடனே சொன்னா என்ன?

தம்பி: உனக்கு வாய் வலிக்கட்டும்னுதான் விட்டேன். கடைசியில நீ அசடு வழிவ, வருஷம் பூரா சொல்லிக் காட்டலாம்னு... அக்கா? ஏன் உக்காந்துட்ட?

அக்கா: கொஞ்சம் கூட உள்ள போகலையா? நல்லாப் பார்த்தியா நீ?

தம்பி: நல்லாப் பார்த்தேன். உனக்கு மீட்டர் காட்டினது முழுக்க சர்க்கரைதான். அந்தக் கரைசலைக் கலந்த புண்ணியவான் யாரு, அதைச் சொல்லு முதல்ல.

அக்கா: கரைசல் குப்பி அலமாரியில சீல் கூட உடைக்காம இருக்கு. நான் வச்சது என் விரல் ரத்தம்டா. விளையாட்டுக்குத்தான் முதல் ஸ்ட்ரிப் வச்சேன்... அப்புறம் நம்பாம இன்னொண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. சாப்பிடாம வேற வந்திருக்கேன். அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது... கசியுதுன்னு ஒரு வாட்டி சொல்லேன்.