எதிர்க்காற்றில் கிளம்புகிறவர்கள்

செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. தென்மேற்கிலிருந்து நிலையான காற்று. வானம் முழுவதும் சாம்பல் நிற மேகம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

லிங்கே ஆற்றின் வடகரையிலிருந்து தட்டைப் படகு ஒன்று புறப்பட்டிருக்கிறது. மிதிவண்டியில் வருவோர் தாங்களே கைச்சக்கரத்தைச் சுற்றி, சங்கிலியை இழுத்து, ஆற்றைக் கடக்கும் படகு அது. இன்று மாலை ஐந்து மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். இனி ஏப்ரலில்தான் திறப்பார்கள். சக்கரத்தைப் பிடித்திருப்பவர் எவர்ட். எதிர்ப் பலகையில் அமர்ந்திருப்பவர் நேல்ச்சே. எவர்ட் ஒன்று கேட்க வேண்டும். ஐந்து மணிக்குள் கேட்க வேண்டும்.

— ...எந்த மடையன் அப்படிச் செய்வான், நீங்களே சொல்லுங்க எவர்ட்! சாயங்காலம் நான் திரும்பறப்ப, படகு வடகரையில போய் நிக்குது. தென்கரையில நின்னுக்கிட்டு ஒத்தையாளா சக்கரத்தச் சுத்தி அத வரவழைக்கணும். வாராவாரம்!

— யாராவது... மீன் பிடிக்கிறவங்களா இருக்கும், நேல்ச்சே.

— மீன் பிடிக்கிறவனுக்கு எதுக்குங்க அக்கரை? இக்கரை மீனுக்கு உப்பு கம்மியா? என் தோளப் பாருங்க. கையத் தூக்கித் தலை சீவ முடியல.

— டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?

— காட்டினேன். சக்கரம் சுத்தாதீங்கன்னாரு. அதச் சொல்றதுக்கு ஒரு டாக்டர். அந்த மடையன் மட்டும் என் கையில கெடச்சான்னா...

— இன்னிக்கு நான் சுத்தறேன். நீங்க உக்காந்தே இருங்க.

— என்னிக்குமே நீங்கதான சுத்தறீங்க. ஆனா ரொம்ப மெதுவா. போன வாரம் ஒரு வாத்து நம்மளத் தாண்டிப் போயிட்டு, திரும்பி வந்து பாத்துச்சு, இன்னும் இருக்கமான்னு.

— துருப்பிடிச்ச சங்கிலி. வேகமா இழுத்தா அறுந்துரும்.

— ம்ம்... சங்கிலி மேல அவ்வளவு கரிசனம்.

— என் சைக்கிள் பின்பையில காபி இருக்கு. நான் கை எடுக்க முடியாது. நீங்களே எடுங்க. குவளை ரெண்டு இருக்கும்.

— ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு குவளை?

— ஒண்ணு உடைஞ்சா...

— இது பிளாஸ்டிக், எவர்ட்.

— ...ஊத்துங்க. ஆறிரும்.

— இருங்க, பிஸ்கட் டப்பாவத் தெறக்கறேன். எடுத்துக்குங்க.

— நன்றி. ...என்ன, டப்பாவ மூடாம வச்சிருக்கீங்க?

— இன்னொண்ணு எடுத்துக்குங்க.

— ரெண்டாவதா! ஒரு காபிக்கு ஒரு பிஸ்கட்டுதான். எங்க அம்மா இருந்திருந்தா மயக்கம் போட்டிருப்பாங்க.

— கடைசி நாள்தான. எடுங்க.

— உங்க அக்காவுக்குக் கொண்டு போறதாச்சே. கொறஞ்சா கோவிச்சுக்க மாட்டாங்களா?

— அவ ஒண்ணும் சொல்ல மாட்டா.

— எப்படி இருக்காங்க அக்கா?

— அப்படியேதான். ஒரு மாத்தமும் இல்ல. ...நீங்க இன்னிக்கு எந்த வழியா வந்தீங்க?

— ஆத்தங்கரை மேலயேதான். ஒரு கார் கெடையாது. ஒரு நாரை நின்னுச்சு. பேரிக்காத் தோட்டத்துல ஏணி மேல ஒருத்தன், என்னப் பாத்துக் கையாட்டினான். காலைலேருந்து நான் பாத்த மனுச முகம் அது ஒண்ணுதான்.

— நீங்களும் கையாட்டினீங்களா?

— ரெண்டு கையாலயும். தண்ணியில விழப் பாத்தேன்.

— மோட்டார் சைக்கிள்ல வர்றவங்க அப்படித்தான். மிதிக்கற வேலை இல்லாததால கை சும்மா இருக்காது.

— இது மோட்டார் சைக்கிள் இல்ல. சைக்கிளுக்கு பேட்டரியால ஒரு சின்ன ஒத்தாசை. உங்க வயசுக்கு நீங்களும் ஒண்ணு வாங்கலாம்.

— என் வயசா? உங்களவிடச் சின்னவ நான்! சரி, ஒண்ணு கேக்கறேன். உங்க வீடு தென்கரைதான?

— ...ஆமா.

— இன்னிக்குக் காத்து தென்மேற்கு. காலைல வீட்ட விட்டுக் கிளம்பி வடக்க வந்தப்ப, காத்து உங்க முதுகுல இருந்திருக்கும்.

— இருந்திருக்கும்.

— இப்ப வீட்டுக்குப் போறப்ப மூஞ்சியில அடிக்கும்.

— ...அடிக்கும்.

— நம்ம ஊர்ல பொறந்த எவனாவது அப்படிக் கிளம்புவானா? தெம்பு இருக்கறப்ப எதிர்க்காத்துல போகணும். களைச்சுத் திரும்பறப்ப காத்தே வீட்டுல கொண்டு விட்டுரும். தவழற புள்ளைக்கே தெரியுமே அது.

— எனக்குத்தான் அந்தச் சின்ன ஒத்தாசை இருக்கே. எந்தக் காத்தா இருந்தா என்ன?

— ஓஹோ. சரி, உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கற சைக்கிள் வழிப் பலகை என்ன நம்பர்?

— நம்பரா... அது வந்து... அறுபத்தி... போன வருசம் மாத்திட்டாங்க.

— மாத்திட்டாங்களா. பாவம். சுத்துங்க எவர்ட். நடு ஆத்துல நிக்கறோம்.

— நின்னாத்தான் என்ன? நாளையிலேருந்து இது கெடையாது.

— ஏப்ரல் வரைக்கும் கெடையாது.

— ஏப்ரல்... பாலத்து மேல வரலாம்னு பாத்தா, லாரி.

— அந்தப் பாலத்துல சைக்கிள் ஓட்டறதும் ஒண்ணு, முட்டற மாட்டு முன்னால படுக்கறதும் ஒண்ணு. எங்க தெருக்காரங்க யாரும் அந்தப் பக்கமே போறதில்ல.

— குளிர்காலத்துல செவ்வாய்க்கிழமை என்ன செய்வீங்க, நேல்ச்சே?

— துணி தேய்ப்பேன். நீங்க?

— ரேடியோ கேப்பேன். அது பேசும். நானும் பதில் சொல்லுவேன். ஆனா அதுக்குக் காது கெடையாது பாருங்க. ...சிரிக்கலாம். சிரிக்கத்தான் சொன்னேன்.

— எனக்குச் சிரிப்பு வரல.

— மனைவி போனதுக்கப்புறம் வீட்டுல சத்தம்னு ஒண்ணு இருந்தா அது ஃபிரிட்ஜுதான். ராத்திரி திடீர்னு உறுமும். நானும், 'சரி சரி, தூங்கு'ம்பேன்.

— எங்க வீட்டு ஃபிரிட்ஜு புதுசு. அது சத்தமே போடாது.

— ஆமா, இன்னிக்கு நீங்க எப்படித் திரும்புவீங்க? அஞ்சு மணிக்கு ஹார்ம் வந்து படகப் பூட்டிருவாரே.

— ராத்திரி அக்கா வீட்டுல தங்கிருவேன்.

— மாத்துத் துணி எதுவும் எடுத்த மாதிரி தெரியலையே. பிஸ்கட் டப்பா மட்டும்தான் இருக்கு.

— அவ துணி எனக்குப் பத்தும். நீங்க என்ன, சுங்க அதிகாரியா?

— இல்ல, இல்ல... நேல்ச்சே, ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளுங்க. ம்ஹும். 'இந்தக் கோடைப் பருவம் முழுவதும் தாங்கள் எனக்கு அளித்த இனிய துணைக்கு நான் பெரிதும் கடமைப்பட்டுள்ளேன். மேலும்...'

— அய்யய்யோ, என்ன ஆச்சு உங்களுக்கு? நகராட்சியிலேருந்து கடிதாசி வந்த மாதிரி இருக்கு!

— கண்ணாடி முன்னால நின்னு பழகினேன்.

— கண்ணாடி என்ன சொல்லிச்சு?

— அதுவும் உங்கள மாதிரியேதான் சிரிச்சுது.

— 'தாங்கள்'! அஞ்சு மாசமா 'நீங்க வாங்க' பத்தாதுன்னு இப்ப 'தாங்கள்' வேற.

— பொம்பளை முதல்ல 'நீ'ன்னு சொல்லாம ஆம்பளை சொல்லக் கூடாதே.

— ஆமா. நான் இன்னும் சொல்லல.

— அதுதான் நானும்...

— சரி, 'மேலும்'னு நிறுத்திட்டீங்களே. மேலும்?

— மேலும்... கரை வந்துருச்சு.

— ...வந்துருச்சு.

— ஓய்! படகுல யாரு? தென்கரைக்காரங்க எறங்குங்க, மத்தவங்க படகோட இங்க வந்து சேருங்க! பூட்டணும்!

— ஹார்ம் வந்துட்டாரு, எவர்ட். வடகரையில நின்னு சாவியக் காட்டறாரு பாருங்க.

— பாத்தேன்.

— எறங்குங்க.

— நீங்க முதல்ல எறங்குங்க.

— உங்க வீடுதான இந்தக் கரை? நான் விருந்தாளி. வீட்டுக்காரங்க முதல்ல.

— ...இல்ல.

— என்ன இல்ல?

— என் வீடு இந்தக் கரையில இல்ல, நேல்ச்சே. வடகரை. ஹார்ம் இருக்கற அதே தெரு. மே மாசம் நீங்க படகுகிட்ட நின்னு, 'அக்கரைக்கா? கொஞ்சம் கை குடுங்களேன்'ன்னீங்க. நான் சும்மா ஆத்தப் பாக்க வந்தவன். ஆமான்னுட்டேன். 'வீடு அங்கயா'ன்னீங்க. அதுக்கும் ஆமான்னுட்டேன். ஒரு ஆமா சொன்னா அதுக்குப் பின்னாலயே இன்னொரு ஆமா வந்து நிக்குது.

— அப்ப இத்தன நாளும்...

— நீங்க அந்தப் பாப்லர் மரங்களத் தாண்டி மறையற வரைக்கும் நிப்பேன். அப்புறம் சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன்.

— படகையும் எடுத்துக்கிட்டு.

— படகையும்... எடுத்துக்கிட்டு. இன்னிக்கு நீங்க சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது. அந்த மடையன் நான்தான். அப்பவும் மீன்காரன் மேல பழியப் போட்டேன்.

— பாவம், மீன்காரன்.

— உங்க தோளுக்கு... என்ன சொல்றதுன்னு தெரியல.

— 'மேலும்' என்னன்னு மட்டும் சொல்லுங்க.

— மேலும்... குளிர்காலத்துல செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுல காபி கெடைக்கும். குவளை ரெண்டு இருக்கு. அவ்வளவுதான். வீடு வடகரைன்னு ஒத்துக்காம இத எப்படிக் கேக்கறது? அதான் வாராவாரம் வாய் வரைக்கும் வந்து வந்து... சரி, நீங்க எறங்குங்க. அக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க.

— ஓய், எவர்ட்! எனக்கு வீட்டுல சூப் ஆறுது! அஞ்சாகப் போகுதுய்யா!

— உக்காரு, எவர்ட். உன்னத்தான் சொல்றேன், 'நீ'ன்னு. நீ எறங்கச் சொல்ற எடத்துல எனக்கு யாரும் இல்ல. அக்கா பிப்ரவரியிலயே போயிட்டா, அவ வீட்டுல இப்ப வேற யாரோ திரை தொங்கவிட்டிருக்காங்க. மே மாசம் வெறும் பழக்கத்துலதான் கிளம்பி வந்தேன். அந்தப் பாப்லர் மரத்துக்குப் பின்னால ஒரு பெஞ்சு இருக்கு. அதுல உக்காந்து, நீ ஒத்தையாச் சுத்திக்கிட்டுத் திரும்பறத வாராவாரம் பாப்பேன். நீ கரை ஏறிப் போனதும் இந்தத் தோளோட படக வரவழைச்சு நானும் வீட்டுக்குப் போவேன். ...சக்கரத்தத் திருப்பு. இந்தத் தடவ என்னையும் கூட்டிட்டுப் போ.

படகு வடகரையைத் தொட்டபோது மணி நான்கு ஐம்பத்தெட்டு.