மாலையைக் கழுவப் போனவன்

குண்டு விழுகிறது. அடுத்த தெருவில். முதலில் விசில் சத்தம். அப்புறம் இடி. தலையில் காரை உதிர்கிறது.

உக்ரைன். கார்கிவ் நகரம். 2022 மார்ச். ஒரு வைன் கடையின் நிலவறையில் மூன்று பேர் கிடக்கிறோம். கடைக்காரி ஒக்சானா. டாக்டருக்குப் படிக்கப் போன நான், சோமனூர்க்காரி. எனக்கு ஜூனியர் நந்து, கோபிசெட்டிபாளையத்துப் பையன்.

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. சுவர் அலமாரி நிறையச் சிவப்பு வைன். பிரான்சில் ஜூரா என்ற சின்ன மலைப்பகுதியில் செய்ததாம். ஒக்சானா ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினாள். குடித்தேன். தாகம். வெட்கம் ஒன்றும் இல்லை.

நந்து தொடவில்லை. பழனிக்கு மாலை போட்டிருந்தான். பங்குனி உத்திரத்துக்கு ஊர் வந்து, கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்க வேண்டும். டிக்கெட்கூட எடுத்திருந்தான். விமானங்களை நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு வாய் குடிச்சுப்போடு கண்ணு. முருகன் கோவிச்சுக்க மாட்டான்."

"நீங்க குடிங்கக்கா. சோமனூர்ல சொல்ல மாட்டனுங்க." சிரித்தான்.

மறுபடி விசில். அலமாரி மொத்தமும் சரிகிறது. இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நந்து தலை முதல் கால் வரை சிவப்பு. தடவித் தடவிக் காயம் தேடினேன். இல்லை. எல்லாம் வைன். பிழைத்துக்கொண்டான் என்று அழுதேன்.

அவன் மாலையைப் பார்த்தான். மணிகளில் வைன் சொட்டியது.

"சாமி மாலைங்கக்கா. மேல பனி கெடக்குது. கழுவிப்போட்டு வாரேன்."

"டேய் நந்து! போகாத! உக்காருடா!"

படியேறிவிட்டான். ஒக்சானா பின்னால் ஓடினாள்.

இந்த முறை விசில் கேட்கவில்லை.

பனியில் கிடந்தான். கையில் மாலை. கழுவி முடித்திருந்தான். பனியில் இரண்டு சிவப்பு. வெளிறியது ஜூரா வைன்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஒரு கல்யாண விருந்தில் சொந்தக்காரர் பிரான்ஸ் வைனை நீட்டினார். "ஏனுங்க டாக்டரம்மா, சண்டையெல்லாம் நேர்ல பாத்தீங்களாமா? சினிமாவாட்டம் இருந்துச்சுங்களா?" கிளாஸைச் சுவரில் அடித்தேன். எல்லோரும் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

போனவை இவை. நந்து. இருபது வயது. அவனைப் பிடிக்க ஓடிய ஒக்சானாவின் வலது கை. அவள் கடை.

கோபியில் அவன் அம்மா துலக்கி வைத்த தீர்த்தச் சொம்பு போகவில்லை. காலியாக இருக்கிறது.