பூ வைத்த முகம்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். வெயில் படாமல் முந்தானையால் முகத்தை மூடியிருந்தவள் சொன்னாள்:

“மைனி, மகளப் பொண்ணு பாக்க வந்தவிய எனக்குல்லா பூ வச்சுட்டாவ.”

“ஒனக்கா? எப்படிட்டி?”

“கன்னத்துக்கு ஃபில்லர் ஊசி, கரும்புள்ளிக்கு லேசர்னு ரெண்டும் பண்ணிருந்தேன்லா. அவ சேலை கட்டி முடியலன்னு காப்பித் தட்ட நான் தூக்கிட்டுப் போனேன். மாப்ளையோட அம்மா சட்டுனு என் தலையில வச்சுட்டாவ.”

“போச்சு. சம்பந்தமே முறிஞ்சிருக்குமே.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். அவிய என்னைய அடுப்படிக்குத் தள்ளிட்டுப் போயி, எந்த டாக்டர்னு கேக்காவ.”

மைனி சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப கல்யாணம் எப்ப?”

“ஒரு மாசம் தள்ளி வச்சிருக்கோம். சம்பந்தியம்மாவுக்கு லேசர் செவப்பு ஆறணும்லா.”