முதுகுக்குப் பின்னால் படித்தவை

பெயின்ட் டியூபைத் திறந்தால் மூடி வைக்கத் தெரியாதவர்களோடு எனக்கு ஒத்தே போகாது. என் தங்கை அந்த ரகம். நீலத்தின் மூடி ஜன்னலில் கிடக்கும், மஞ்சளின் மூடி அவள் செருப்புக்குள் கிடக்கும். நான்தான் பொறுக்கி எடுத்துத் திருகி வைப்பேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், மரக்கடைக்கு மேலே அவள் படம் வரைந்த அந்த அறையில் எது எங்கே இருந்தது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதுதான். நீங்கள் வேறு யாரையும் தேடி அலைய வேண்டாம்.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். இன்ன வண்டி இன்ன நடைமேடைக்கு வருகிறது என்று நான் சொன்னால் பெட்டியும் பிள்ளையுமாக ஒரு கூட்டமே எழுந்து ஓடும். நீங்களும் என்றைக்காவது ஓடியிருப்பீர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கவிதை எழுதுவேன். குடை பிடித்து நடக்கும் மீன்கள், கடிகாரமாக முளைக்கும் பல், தூக்கத்தில் கழன்று விழும் தெரு, இப்படியெல்லாம் வரும். சர்ரியலிசம் என்பார்கள். தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, ஒரு தடவை படித்துவிட்டு, "அக்கா, இதுக்கு அர்த்தம் கேட்டா அடிப்பீங்களா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். என் கோழிக்கிறுக்கலைப் படிக்க அவரால்தான் முடியும். அவர் தட்டச்சு செய்து கொடுத்த பிறகுதான் கவிதையை வெளியே எடுப்பேன்.

தங்கைக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. மெஷின் மாட்டினால் ஏதோ கேட்கும், எதிரே இருப்பவர் வாயைப் பார்த்தால் நன்றாகப் புரிந்துகொள்வாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தில், கடையில், பேருந்தில், அவளுக்காக வாய் திறந்தது நான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "நான் போயிட்டா இவ என்ன பண்ணுவா?" என்று நானே தட்டிக் கழித்தேன். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அவள் வரைந்தது அரூப ஓவியம். ஆள், மரம், வீடு எதுவும் இருக்காது, நிறம் மட்டும்தான். என் கவிதைகளுக்கு வரையத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குப் பெயர் வந்தது. வேலைமுறையை வகுத்துக் கொடுத்ததும் நான்தான். அவள் வெற்றுக் கேன்வாஸைப் பார்த்து உட்கார வேண்டும். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு தடவை வாசிப்பேன். முகத்தைப் பார்த்துச் சொன்னால் கவிதை வெறும் பேச்சாகிவிடும், புத்தி குறுக்கே வந்து அர்த்தம் கேட்கும். கவிதை முதுகு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பது என் கொள்கை. அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சரிக்கா, உன் இஷ்டம்" என்றாள்.

வாசித்து முடித்ததும் நான் வெளியே வந்து கதவைத் தாழிட்டுவிடுவேன். யாராவது சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றால் அவளுக்கு உயிரே போய்விடும். அதனால் அவளே கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. படம் முடிந்ததும் உள்ளே சுவிட்சைப் போடுவாள், வெளியே கதவுக்கு மேல் பல்பு எரியும், நான் திறப்பேன். கண்காட்சிகளில் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "எங்கிருந்துங்க இந்த நிறமெல்லாம் வருது?" என்று கேட்பார்கள். அவள் என்னைக் கைகாட்டுவாள். "எல்லாம் எங்க அக்கா குரல்தான்." வேறு எதற்காகவும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவள் எப்போதும் முடியை விரித்துப் போட்டிருப்பாள். ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். நான் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறேன், பாதிக் கவிதையில் கண் அவள் காதில் விழுந்தது. மெஷின் இல்லை. பக்கத்தில் ஒரு தகர மூடியில், தூரிகைகளுக்கு நடுவே கிடந்தது. வாசிப்பை நான் நிறுத்தவில்லை. மைக் முன்னால் தும்மல் வந்தாலும் நிறுத்தாமல் பேசிப் பழகியவள் நான். முடித்தேன், வெளியே வந்தேன், தாழிட்டேன். மறதியாகக் கழற்றி வைத்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு இடம் கொடுத்துத்தான் பார்த்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கையில் பால் குடிக்கும் படிக்கட்டைப் பற்றிய கவிதை இருந்தது. அதைப் படிக்கவில்லை. அதற்குப் பதிலாக, எந்த வண்டி தாமதம், எது எந்த நடைமேடை, கழிவறையை எப்போது பயன்படுத்தக் கூடாது என்று கவிதைக் குரலிலேயே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அவள் முதுகு அசையவில்லை. வெகுநேரம் கழித்து பல்பு எரிந்தது. திறந்தேன். கறுப்பின் நடுவே வெள்ளை, மேலிருந்து கீழே தட்டுத் தட்டாக இறங்கி வழிந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூப்பர்க்கா. இன்னைக்குக் கேட்டதும் அப்படியே உடம்பு சிலிர்த்துப் போச்சு."

அந்தப் பழமொழி உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, தெரிகிறது. வேண்டாம், சொல்லாதீர்கள்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அன்றைக்குத்தான் அது என்னவென்று புரிந்தது. ஊர் முழுக்க என் குரலுக்கு எழுந்து ஓடுகிறது. நான் யாருக்காக வாழ்க்கையைத் தூக்கிப் போட்டேனோ, அவள் அந்தக் குரலையே கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் "நல்லா வந்திருக்குடி" என்றேன். டியூப்களை எல்லாம் மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

துணிக்கூடையைப் பற்றி உங்கள் ஆட்கள் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டார்கள். எண்ணெயும் டர்பன்டைனும் துடைத்த துணிகளைச் சும்மா குவித்து வைக்கக் கூடாது, தண்ணீர் வாளியில் போட வேண்டும். அது என் வேலை. அதற்கு அடுத்த முறை வாளியில் போடாமல் கூடையிலேயே விட்டு, கூடையைக் கதவுக்கு உட்பக்கம் தள்ளி வைத்தேன். துணி தானாகவே பற்றிக்கொண்டிருக்கலாம் என்று தீயணைப்பு அதிகாரி சொன்னாராம். நல்ல மனுஷர். தீக்குச்சி கிழித்தது நான்தான்.

கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், அவ்வளவுதான். வழக்கமான இடத்தில் நின்று, வழக்கமான குரலில் வாசித்தேன். "உன் பின்னால் கூடை எரிகிறது. இப்போது எழுந்தால் வெளியே வந்துவிடலாம். எழுந்து வா." நிலையத்தில் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாக, திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு எழுத்து கூட விழுங்கவில்லை. அவள் மெஷின் போட்டிருக்கிறாளா என்று பார்த்தாயா என்கிறீர்கள். பார்த்தேன். தகர மூடியில் இருந்தது. அவள் தூரிகையால் கேன்வாஸில் ஒரு சிவப்பு வைத்தாள். நான் வெளியே வந்து தாழிட்டேன்.

பல்பு எரிந்தது. படம் முடிந்தது என்று அதற்கு அர்த்தம். அவ்வளவு சீக்கிரம் எந்தப் படமும் முடியாது என்பதால் திறக்கவில்லை. பிறகு எரிந்து எரிந்து அணைந்தது. கதவையும் தட்டினாள். கீழே மரக்கடைக்காரர் வாசலுக்கு வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னம்மா, மேல கருகுற வாடை?" என்று கேட்டார். "வார்னிஷ் காய்ச்சுறாங்க" என்றேன். "அப்படியா? பாத்துக்கச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டார். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நேற்று மாப்பிள்ளை இங்கே வந்திருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். உங்கள் காவலரும் அப்படித்தான் நினைத்துப் பக்கத்திலேயே நின்றார். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினார்.

"அக்கா, பின்னாடி நின்னு பேசினா அவளுக்கு மெஷின்ல வெறும் இரைச்சல்தான் வரும். தலை வலிக்கும். அதான் கழட்டி வைப்பா."

"அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னு நான் எத்தனையோ வாட்டி சொன்னேன். அக்கா ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்கு, மனசு உடைஞ்சிடும்னு சொல்ல விடவே மாட்டா. நீங்க டைப் பண்ணக் கொடுக்குற கவிதைய முந்தின நாளே என்னைப் படிக்கச் சொல்வா. என் வாயப் பாத்துக்கிட்டே இருப்பா. மனப்பாடம் ஆகுற வரைக்கும் விடமாட்டா. அந்தப் பால் குடிக்கிற படிக்கட்டு உட்பட உங்க எல்லாக் கவிதையும் அவளுக்குத் தெரியும்க்கா."

அவர் அழுதார். நான் என் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் குடிக்கவில்லை.

ராத்திரி படுத்துக்கொண்டு அதையேதான் யோசித்தேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. என் தங்கையைக் கொன்றது நான்தான், நிதானமாகத் தெரிந்தே செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் கவிதையை ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் இன்னொருவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு, என்னைப் பின்னால் நிற்க வைத்துக் கத்த விட்டார்களே இரண்டு பேரும், அதற்கு யாரை இப்படி உட்கார வைத்து விசாரிக்கப் போகிறீர்கள்?