தளவாய் அமைத்த இறகுகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அண்ணன் யாக்கோபு அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் எங்கள் வடிவமைப்புப் பிரிவு மேலாளர் கண்ணப்பன் ஐயா அவர்களே, ஷிப்ட் முடிந்தும் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் இந்தக் கேன்டீனை நிறைத்திருக்கும் தோழர்களே, சங்கரன்கோவிலிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தளவாயின் அம்மா சொர்ணம்மாள் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் எழிலரசியின் வணக்கம்.

இன்று காலை என் கம்ப்யூட்டர் திரை அசையாமல் நின்றது. "தளவாய், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். யாரைக் கூப்பிட்டேன்? சேரப்பணஞ்சேரி அருகே மழையில் பைக் சறுக்கி நம்மை விட்டுப் போய்விட்ட வடிவமைப்பாளர் தளவாயை அல்லவா கூப்பிட்டேன்! இன்னும் எத்தனை காலைகள் இப்படித் திரும்பப் போகிறேனோ!

தோழர்களே, போன கோடையை நீங்கள் மறந்திருக்க முடியாது. லாரி கேபினுக்கு நாம் செய்துகொடுத்த காற்று விசிறி, ஓடும்போது விசில்போல ஊதியது. சத்தத்தை நிறுத்தாவிட்டால் ஆர்டரே வேண்டாம் என்றார்கள் லாரி கம்பெனிக்காரர்கள். விசிறி லைன் நின்றுபோனால் அந்த லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கதி என்ன? வாடகை அறைகளில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பும் பெண்கள் அவர்கள்!

நாங்கள் திரை முன்னால் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். தளவாய் மட்டும் சோதனை லாரியில் ஏறி, ஓட்டுநர் சுப்பனோடு மறைமலை நகர் வரைக்கும் போய்வந்தார். இறங்கும்போது சுப்பன் சொன்னதை நானே கேட்டேன்: "இன்னா சார் இது, காதுக்குள்ள வண்டு பூந்துகினா மாரி கீது! காத்தே வாணாம்னு ஆஃப் பண்ணிட்டு வேர்த்துகினு ஓட்றேன் சார்."

அந்த வார்த்தை தளவாயைச் சும்மா இருக்கவிடவில்லை.

விசிறியை நாங்கள் எப்படி வரைவோம்? ஓர் இறகை வரைவோம். நடுவிலுள்ள அச்சைக் காட்டி, ஒன்பது வேண்டும் என்போம். 'சர்க்குலர் பேட்டர்ன்' என்ற அந்தக் கட்டளை ஒன்பதையும் வட்டமாக, சம இடைவெளியில் அடுக்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும். அந்தச் சம இடைவெளியில்தான் தளவாய் கைவைத்தார்.

கண்ணப்பன் ஐயா பதறினார். "ஒரே கிளிக்ல வர்றத எதுக்குப்பா கோணலாக்குற? எடை ஒரு பக்கம் இழுத்தா வண்டியே உதறும்!"

"சார், சமமா இருக்கதுனாலதான் ஊதுது. எல்லா எறகும் ஒரே தாளத்துல காத்தை அடிக்கு. அந்தத் தாளத்தைக் கலைக்கணும். ஆனா எடை இழுக்காது, பாருங்க."

மூன்று இறகுகளை மட்டும் சமமில்லாத இடைவெளியில் வரைந்தார். அந்த மூன்றையும் ஒரே கூட்டாகப் பிடித்து, அச்சைச் சுற்றிச் சம தூரத்தில் மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்தார். இறகுகள் ஒன்பதேதான்! ஒரு கூட்டின் எடையை மற்ற இரண்டும் ஈடுகட்டின. ஐயா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாதிரி செஞ்சு பாத்துடலாம்" என்றார். ஐயா, அன்று நீங்கள் மறுத்திருந்தால் இன்று அந்த லைன் இருந்திருக்குமா?

மாதிரி விசிறியை மாட்டி லாரியை ஓட்டினார்கள். விசில் போய், வெறும் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. சுப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சார், இப்பதான் பாட்டு கேக்குது சார்!" என்று கத்தினார். தளவாய் சிரித்தார். சத்தமே வராத அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்ப் பார்ப்பேன்? பேச அவ்வளவு இருந்தது அவரிடம்! பேச எனக்கும் இருந்தது. நாளை பேசலாம், நாளை பேசலாம் என்றே இருந்துவிட்டோம்.

இன்று மதியம் அம்மா, மகன் வேலை பார்த்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். அழைத்துப்போனேன். அவர் பாதியில் விட்டுப்போன பஸ் விசிறியைத் திரையில் திறந்து காட்டினேன்.

"இது என்னத்துக்குத் தாயி?"

"பஸ் ஓட்டுறவங்களுக்கு வெயில்ல காத்து வர்றதுக்கும்மா. இன்னும் முடியல."

அம்மா திரையில் கையை வைத்தார்கள். பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் வெகுநேரம் வைத்திருந்தார்கள். பிறகு, "எம்புள்ள செஞ்சதை அரைகுறையா விட்டுராதிய. முடிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லி விடு. நான் அந்த பஸ்ஸுல ஏறி உக்காந்து பாக்கணும்" என்றார்கள்.

அம்மா, இந்தச் சபையின் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். அந்த விசிறியை நாங்கள் முடிப்போம். அது ஓடும் முதல் பஸ்ஸில் உங்களை ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்காருவேன்.