பதினெட்டு டெசிபல் மிச்சம்

ஆண்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. உண்டாக்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எல்லாப் பக்கமும் சிதறிப் போவதை அது ஒரு பக்கமாகத் திரட்டித் தருகிறது, டார்ச் விளக்கின் குழிக்கண்ணாடி மாதிரி. இது புரிந்துவிட்டால் மற்றது எளிது, இன்ஸ்பெக்டர் சார்.

எம். புதுப்பட்டிப் பட்டாசு ஆலைக்கு மின்னல் எச்சரிக்கைக் கருவி அமைத்தவன் நான். ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேட்டின் மேல் உணர்கருவி. மின்னல் நெருங்கினால் அது ரேடியோவில் சொல்லும். ஆலையில் சங்கு ஊதும். வெடிமருந்து கலக்கும் அறையில் இருப்பவர்கள் வெளியேறுவார்கள். அனுப்பும் கருவி இருபது டெசிபல் தருகிறது. இரண்டு ஆண்டெனாக்களும் சேர்ந்து பதினெட்டைக் கூட்டுகின்றன. நடுவிலுள்ள வெளி நூற்று ஏழைத் தின்கிறது, கேபிள் மூன்றை. ஆலைக்கு வந்து சேர்வது மைனஸ் எழுபத்திரண்டு. மைனஸ் தொண்ணூறு வரை வாங்கும் கருவிக்குக் கேட்கும். ஆக, பதினெட்டு மிச்சம். அழகான கணக்கு.

ஆலைப் பக்கத்து ஆண்டெனாக் கம்பத்தின் அடியில்தான் போர்மேன் சீனிவாசகம் வெற்றிலை துப்புவார். சிவப்பாக, கொழகொழவென்று, ஈ மொய்க்க. சங்கு ஊதி சீசன் வேலை நின்றால் கூடுதலாக ஒரு தடவை. நான் சொல்லிப் பார்த்தேன்.

"கம்பந்தான சார், கோயில் தூணா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலவை அறையில் வேலை பார்க்கும் வள்ளித்தாயும் சிரித்தாள். பிறகு தனியாக வந்து சொன்னாள்: "அவுக கெடக்காக சார். நீங்க சங்கப் பாத்துக்கோங்க. அது ஊதுனாத்தான் எங்கள வெளிய விடுவாக. எங்க காதுல இடி கேட்டாலும் விடமாட்டாக."

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

வாரச் சோதனை முடிந்ததும் கம்பத்தில் ஏறினேன். ஏறும்போது அந்த எச்சில் என் உள்ளங்கையில் ஒட்டியது. ஆண்டெனாவின் திசையை நான் மாற்றவில்லை. அது இருந்த அச்சிலேயே கால்வட்டம் திருப்பினேன், அவ்வளவுதான். அதில் செங்குத்தாக நின்ற கம்பிகள் படுத்துக்கொண்டன. நிமிர்ந்து வரும் அலையைப் படுத்த கம்பிகள் சரியாகப் பிடிக்காது. இருபது டெசிபலுக்கு மேல் இழப்பாகிவிடும். மிச்சம் இருந்தது பதினெட்டு.

சங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஆள் ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் மதியம் மின்னல் வந்தது. அவர் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வள்ளித்தாயும் இன்னும் நான்கு பெண்களும் கலவை அறையில் இருந்தார்கள். இடி அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

நீங்கள் மேசையில் வைத்த படங்களைப் பார்த்தேன். அறை இருந்த இடம், போர்த்திய உடல்கள். எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. கடைசிப் படத்தில் என் கம்பம் இருக்கிறது, அடியில் அந்தச் சிவப்பு. இன்னும் யாரும் கழுவவில்லை. அந்த ஒன்றை மட்டும் கவிழ்த்து வையுங்கள் சார். குமட்டுகிறது.