வின்ட்சர் வீதியில் பின்சீற்று

இரவு ஒரு மணி. வின்ட்சர் வீதி. எழுபத்துநாலாம் ஆண்டு, யூலை, அந்த நாட்டில் அது மாரிக் குளிர்... இரண்டு பக்கமும் புல்வெளி, ஒரு விளக்கில்லை. காரை ஓட்டியவன் கதிர்காமநாதன். பின்சீற்றில் அவன் மனைவி கமலினி, பிள்ளைப்பேற்று நோவில். பரமட்டா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டும்.

கதிர்காமநாதன் நம் வரதராஜாவின் மைத்துனன். சிவராத்திரிக்கு நித்திரை முழிக்கப் பேய்க்கதை கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் வருவது அப்படியொன்றும் கெட்டிக்காரப் பேயல்ல.

பேய் யாரென்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். வால்டர் என்ற ஜெர்மன்காரன். கதிர்காமநாதன் வேலை செய்த சின்ன விமானப் பட்டறையில் மேற்பார்வையாளன். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஜெட் சண்டை விமானம் ஓட்டினவனாம். தேநீர் நேரம் முழுக்க அந்தப் புளுகுதான். அதைப்போல வேகம் அன்றைக்கு எவரிடமும் இல்லையாம். முன்னரே வந்திருந்தால் யுத்தமே வேறு மாதிரி முடிந்திருக்குமாம்.

கதிர்காமநாதன் விடுவானா? தேடிப் படித்துவிட்டு வந்து எல்லார் முன்னாலும் கிழித்தான். அந்த எஞ்சின் இருபத்தைந்து மணித்தியாலம் ஓடினாலே பெரிய காரியம். அவசரமாக வேகம் கூட்டத் த்ரொட்டிலைத் தள்ளினால் அணையும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். இறங்க வேகத்தைக் குறைத்தால் சட்டென்று திரும்ப எழும்ப ஏலாது. அது தெரிந்த எதிரிகள், பழைய புரொப்பெல்லர் விமானங்களில், இறங்குதளத்துக்கு மேலேயே வட்டமிட்டுக் காத்திருந்து சுட்டார்கள்.

“சண்டை விமானமோ, கலியாணக் காரோ?” என்று கேட்டான்.

வால்டர், இறங்கும்போது மேலே பார்க்கக்கூடாது, பார்த்தால் கை அவசரப்படும் என்று மட்டும் முணுமுணுத்தானாம். அடுத்த மாதம் நெஞ்சுவலியில் செத்தான். செத்தவீட்டிலும் கதிர்காமநாதன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “அவற்ற சொந்த எஞ்சினாவது கொஞ்சக் காலம் ஓடினது” என்றானாம்.

இனி வீதிக்கு வருவோம்.

ரவுஸ் ஹில் தாண்டியதும் மேலே இரைச்சல். புரொப்பெல்லர் இரைச்சல்... ஒன்றல்ல, இரண்டு. போகவில்லை, வட்டமிட்டது. காருக்குள் எரிந்த மண்ணெண்ணெய் மணம், ஜெட் எஞ்சின் மணம். கதிர்காமநாதன் கண்ணாடியால் அண்ணாந்து பார்த்தான். கால் அக்சிலேற்றரை அமத்தியது. கார் நின்றுவிட்டது.

குளிரில் எஞ்சினுக்குப் பெற்றோல் கூடிவிட்டது, வேறொன்றுமில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரும்ப எடுத்தான், மிதித்தான், நின்றது. இரைச்சல் கீழே பதிந்துகொண்டே வந்தது. கமலினி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, நான் முன்னுக்கு வாறன். பின்னுக்கு ஆரோ இருக்கிறார். எனக்குக் கால் நீட்ட இடம் காணாது.”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நோவில் பிதற்றுகிறாள் என்று நினைத்தானாம். பயம் என்று சொல்ல வெட்கம். இறங்கி, அவளைப் பிடித்து முன்சீற்றில் ஏற்றினான். பிறகு மேலே பாராமல், முட்டையை மிதிப்பதுபோல மெல்ல மெல்ல அமத்தினான். கார் ஓடியது. புளுகன் என்று யாரைப் பகிடி பண்ணினானோ, அவன் சொன்னபடிதான் ஓட்டினான்! தலைக்கு மேலே ஒரு தடவை... டக், டக், டக், டக். கார் குலுங்கியது. அவன் காலை எடுக்கவுமில்லை, கூட அமத்தவுமில்லை.

விடியமுன்னம் பெண் பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம்.

யோகராணி அக்கா, நீங்கள் சிரிப்பது சரி. ஆலங்கட்டி மழையாக இருக்கும் என்றுதான் வரதராஜாவிடம் நானும் சொன்னேன். செத்த பிறகும் சூடுபட வருகிறவன் என்ன விமானி என்றும் கேட்டேன்.

வரதராஜா சிரிக்கவில்லை. காலையில் மைத்துனனோடு அவனும் காரைப் போய்ப் பார்த்தவன். பின்சீற்றுக்கு மேலே கூரையில் நாலு ஓட்டை, பெருவிரல் போகும். தகரம் உட்பக்கமாக வளைந்திருந்தது. கண்ணாடியெல்லாம் வெண்பனி உறைந்து கிடந்தது. ஓட்டைகளுக்கு நேர் கீழே, கமலினி இருக்காத பக்கத்தில், சீற்றுத் துணி சிவப்பாக நனைந்திருந்தது. வரதராஜா கையை வைத்துப் பார்த்தான்.

வெதுவெதுப்பாக இருந்ததாம்.